உருண்டையான அணுக்கரு சுழல முடியாது என்றால், ஈயத்தில் தெரியும் சுழற்சி எது?

நீங்கள் படித்தது சரிதான். முழு உருண்டைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அடையாளம் கிடையாது. குவாண்டம் கணக்கில் அது சுழல்வதற்குப் பொருளே இல்லை. யுரேனியம்-238 நீளவாக்கில் இழுபட்ட வடிவம்; அதனால் அது சுழல முடியும். அதன் முதல் இரண்டு கிளர்வு நிலைகளின் (கூடுதல் ஆற்றல் பெற்ற நிலைகளின்) ஆற்றல் சுமார் 45, 148 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 3.3. விறைப்பான பொருள் சுழன்றால், குவாண்டம் கணக்குப்படி இந்த விகிதம் 20-ஐ 6-ஆல் வகுத்த 3.33 ஆக வர வேண்டும். அவ்வளவு நெருக்கம்.

ஈயத்தில் 82 புரோட்டான், நிறைந்த கூடு (புரோட்டான்கள் அமரும் ஆற்றல் அடுக்கு முழுதும் நிரம்பியது), ஏறக்குறைய உருண்டை. ஆனாலும் ஈயம்-198, ஈயம்-199 ஆகிய ஐசோடோப்புகளில், சுழலும் அணுக்கருவில் வருவதுபோல, காமா கதிர்கள் படிக்கட்டு போல ஒழுங்காக வந்தன. நீட்சியைக் காட்டும் மின் நான்முனைக் கதிர் மெலிந்திருந்தது. உள்ளே ஒரு காந்தம் சுழல்வதைக் காட்டும் காந்த இருமுனைக் கதிர் ஓங்கியிருந்தது.

இதைப் படித்தபோது எம்.எஸ்சி. மாணவன் நான். குடியாத்தத்தில் அப்பாவுக்குத் தையல் கடை. வளையத்தில் துணி சுற்றிய அவருடைய பெரிய கத்தரிக்கோலை எடுத்து, மெதுவாக மூடி மூடிப் பார்த்தேன். “வெறுங்கத்தரி போடாதேடா, வீட்டுல சண்டை வரும்” என்றார். ஈயத்துக்குள் நடப்பதும் இப்படித்தான் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

கத்தரியின் ஓர் அலகு (வெட்டும் தகடு), கூட்டைத் தாண்டி மேலேறிய இரண்டு புரோட்டான்களின் கோண உந்தம், அதாவது சுற்றும் வேகத்தின் அளவும் திசையும். மற்ற அலகு, நியூட்ரான் கூட்டில் விழுந்த ஓட்டைகளுடையது (நியூட்ரான் இல்லாத காலியிடங்கள்). அடிப்படியில் இரண்டும் ஏறக்குறைய செங்குத்து. படி ஏற ஏற அலகுகள் மூடுகின்றன, மொத்தக் கோண உந்தம் கூடுகிறது. வடிவம் மாறவே வேண்டாம்.

சரி, அலகுகள் மூடுவதை யார் பார்த்தது? இங்கேதான் காந்தம் கை கொடுக்கிறது. தற்சுழற்சியால் வரும் காந்தத் திறன் புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் எதிரெதிர் குறி: அதைக் குறிக்கும் g என்ற எண் முறையே 5.59, −3.83. அதனால் கத்தரி விரிந்திருக்கும்போது மொத்த அச்சுக்குக் குறுக்கே பெரிய காந்தக் கூறு நிற்கும். அதுதான் சுழன்று கதிர் வீசுகிறது. மூட மூட அது சுருங்கும். ஒவ்வொரு படியிலும் காந்தக் கதிரின் வலு குறைந்தாக வேண்டும். யுரேனியம் போன்ற வழக்கமான சுழற்சியில் அப்படிக் குறையக் காரணமில்லை. 1997-இல் காமாஸ்ஃபியர் என்ற காமா கதிர் உணர்கருவியைக் கொண்டு, ஒரு பிகோ நொடிக்கும் (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைவான, அந்தப் படிகளின் ஆயுட்காலங்களை அளந்தார்கள். அதிலிருந்து கணக்கிட்ட காந்தக் கதிரின் வலு படிப்படியாக இறங்கியது.

இதற்குக் காந்தச் சுழற்சி என்று பெயர். உருண்டை அங்கே சும்மாதான் இருக்கிறது. சுழல்வது அதற்குள் குறுக்கே நிற்கும் காந்தம்.