இளையோர் நாவலின் தொனி: கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒன்பதாம் வகுப்பில் எஸ்.ஈ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை நடத்துகிறேன். எந்தப் பத்தியைக் கொடுத்துத் தொனி என்னவென்று கேட்டாலும் வகுப்பே ‘சோகம்’ என்கிறது; ஏன் என்றால், ‘ஜானி செத்துப்போகிறானே’ என்கிறார்கள். தொனிச் சொற்களின் பட்டியல் கொடுத்தேன். குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். என்ன செய்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சோகம், வாசித்த மாணவனுக்கு ஏற்பட்டது. தொனி, சொல்பவன் தான் சொல்லும் விஷயத்தின்மீது கொண்டிருக்கும் மனநிலை. சாவைப் பற்றி எரிச்சலோடும் பேசலாம், கேலியாகவும் பேசலாம். ஆகவே ‘தொனி என்ன’ என்பதைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, ‘இதையே வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்’ என்று முதலில் கேளுங்கள்.

‘அண்ணன் வந்தான்’ என்று கரும்பலகையில் எழுதி, அதன்கீழ் ‘வந்துவிட்டான்’, ‘வந்து தொலைத்தான்’, ‘வந்தானாம்’ என்று எழுதுங்கள். நடந்தது ஒன்றுதான். ‘தொலைத்தான்’ என்பதில் வெறுப்பு இருக்கிறது, ‘வந்தானாம்’ என்பதில் பொறுப்பேற்காத விலகல். இவை பிள்ளைகள் வீட்டில் அன்றாடம் புழங்குபவையே. ‘வந்துவிட்டான்’ என்பது நிம்மதியா அச்சமா என்று வகுப்பு சண்டையிடட்டும். அதைத் தீர்க்க முன்பின் வரிகளைத் தேடவேண்டிவரும், ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. பட்டியல் அதன்பிறகு வரலாம். நகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொன்ன தொல்காப்பியர், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களையும், அதாவது காரணங்களையும், நந்நான்காகச் சேர்த்தே சொல்கிறார். பள்ளிகளில் சுற்றிவரும் பட்டியல்களில் அந்தப் பாதியைத்தான் காணோம்.

இனி உங்கள் நாவல். 1967இல் வெளிவந்தபோது ஹின்டனுக்கு வயது 18. கதைசொல்லி போனிபாய்க்கோ 14. நாம் வாசித்த நாவல் முழுவதும் அவன் தன் ஆங்கில ஆசிரியருக்காக எழுதும் கட்டுரை என்பது கடைசியில்தான் தெரிகிறது, முதல் வாக்கியமே அங்கு திரும்ப வருகிறது. அப்படியானால் முதல் பக்கத்தை எழுதும்போதே யார் யார் இறந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இதை அறிந்தபின் முதல் அத்தியாயத்தை மாணவர்கள் மறுபடி வாசிக்கவேண்டும். அங்கே, தன்னைவிட இரண்டு வயது மூத்த நண்பன் ஜானியை, பலமுறை உதைபட்டு அந்நியர் கூட்டத்தில் தொலைந்துபோன நாய்க்குட்டியாகக் காட்டுகிறான். மூத்தவனை ஏன் குட்டியாக்கினான்? ‘அடிபட்ட பையன்’ என்று எழுதியிருந்தால் எது குறைந்திருக்கும்? இதன் தொனி, நண்பனைக் காப்பாற்ற முடியாமல் போனவனின் பரிவு என்பேன் நான். மாணவர் ஒருவர் ‘குற்றவுணர்வு’ என்று எழுதி, அதற்கான வரியையும் காட்டினால், முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.