பி.எச். 7.2 என்றால் கவலை இல்லையா?

கேள்வி: நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கிணறு. சோதனை அறிக்கையில் பி.எச். 7.2 என்று வந்திருக்கிறது. ‘தண்ணீர் கெடவில்லை’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பி.எச். என்பது தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே போனால் அமிலம். 7.2 நல்ல எண்தான். ஆனால் அதை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நிலக்கரியிலும் அதை ஒட்டிய பாறையிலும் பைரைட் என்ற கனிமம் பெரும்பாலும் இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மண்ணுக்குள் மூடிக் கிடக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. தோண்டிக் குவித்ததும் காற்றும் மழையும் பட்டு, கந்தக அமிலமும் கரைந்த இரும்புமாக வடிய ஆரம்பிக்கும். வடியும் வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அமிலம் முறிந்து, பி.எச். பழையபடி 7-க்கு வந்துவிடும். அந்த அமிலத்திலிருந்து வந்த சல்பேட் என்ற கந்தக உப்பு அப்படிப் போகாது. பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்கிவிடும்.

அதனால்தான் எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் என் கண் முதலில் சல்பேட்டுக்குப் போகிறது, அடுத்து மின்கடத்துத்திறனுக்கு (தண்ணீரில் கரைந்த உப்புகள் கூடினால் இது ஏறும்). லிட்டருக்கு 40 மில்லிகிராமாக இருந்த சல்பேட் அடுத்த வருடம் 90, அதற்கடுத்த வருடம் 160 என்று ஏறினால், பி.எச். அசையாமல் நின்றாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். சுமார் 250-ஐத் தாண்டும்வரை நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. குடித்துப் பார்த்து ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்வதில் பயனில்லை.

ஜிப்சம் கலந்த மண்ணிலும் சல்பேட் இயற்கையாகவே இருக்கும். ஆகவே சுரங்கம் தோண்டுவதற்கு முன் எடுத்த அளவுகளையும், நிலத்தடி நீர் சுரங்கத்தை எட்டுவதற்கு முன் கடந்து வரும் இடத்தில் உள்ள கிணற்றின் அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாமல் உங்கள் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றில் பிடித்தபோது பளிங்குபோல் இருந்த தண்ணீர், பாட்டிலில் வைத்ததும் மஞ்சளாகிவிட்டது. ஏன்?

பதில்: கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிறது. இது எனக்கு மறக்க முடியாத பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரும்பைக் கரைந்தபடியே வைத்திருக்கும் அமிலத்தைச் சேர்க்காமலே மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். பாட்டிலின் அடியில் விரல் நகம் கனத்துக்கு ஆரஞ்சு வண்டல். மேலே தெளிந்த நீரை மட்டும் சோதித்ததில் இரும்பு ‘குறைவு’ என்று வந்தது. அந்த எண்ணை நம்பியவர்களை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. கரைந்த உலோகங்களுக்கான மாதிரியைக் கிணற்றடியிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பி.எச். 2-க்குக் கீழே போகும்வரை நைட்ரிக் அமிலம் விட வேண்டும். பி.எச்.-ஐயும் அங்கேயே அளந்துவிட வேண்டும். குழாயில் தேங்கி நின்ற தண்ணீரை முதலில் இறைத்து வெளியேற்றி, மின்கடத்துத்திறன் ஒரே அளவில் நின்ற பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

கேள்வி: ஓடையில் எந்த இடத்தில் மாதிரி எடுப்பது?

பதில்: சுரங்க நீர் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே நன்றாகக் கலந்த பிறகு ஒன்று. கலக்கும் வாயிலேயே எடுத்தால் ஒரு கரையில் ஒரு எண்ணும் மறுகரையில் வேறொரு எண்ணும் வரும். அன்றைய நீரோட்ட அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் ஓடும் நாளில் சல்பேட் குறைந்ததுபோல் தெரியும். ஆனால் மொத்தமாக அடித்துச் செல்லப்படும் சல்பேட் அன்றைக்குத்தான் அதிகமாக இருக்கலாம்.

கேள்வி: கிணற்றில் நீர்மட்டம் இறங்குவது சுரங்கத்தாலா, மழை இல்லாததாலா?

பதில்: அதே நீர்த்தாங்கிப் பாறையில், சுரங்கத்தில் இறைப்பதன் தாக்கம் எட்டாத தூரத்துக் கிணறு ஒன்றையும் சேர்த்து மாதாமாதம் அளந்து வாருங்கள். இரண்டும் ஒன்றாக இறங்கினால் பெரும்பாலும் மழைக்குறைவு. உங்களுடையது மட்டும் இறங்கிக்கொண்டே போனால் சுரங்கத்தைக் கேளுங்கள். குழாய் விளிம்பில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே நாடாவை இறக்குங்கள்.