ஆம்பளைப் பையன் வரலாறு படிக்கலாமா?

அம்மா, பிளஸ் டூ முடித்த உங்கள் மகன் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மனநோய் வந்த ஆண்களை எப்படி நடத்தினார்கள் என்று ராத்திரி கண்விழித்து வாசிக்கிறான். அவன் சித்தப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார். பையன் அழுததற்கு "ஆம்பளை அழலாமா" என்றும் கேட்டிருக்கிறார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அவனுக்குப் பிடிக்காத படிப்பை வாங்குவது அநியாயம்.

மற்றப் படிப்புகளைப் பற்றிச் சொந்தக்காரர்கள் போதுமான அளவு சொல்லியிருப்பார்கள். மருத்துவ வரலாறு என்ற துறையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுண்டியும், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியும், மனநல விடுதி அமைக்க வேண்டும் என்று 1845இல் சட்டம் வந்தது. விடுதிப் பதிவேடுகளில் நோய்க்கு என்ன காரணம் என்று எழுத ஒரு இடம் இருக்கும். ஆண்களின் பெயருக்கு நேரே குடி, ஓயாத வேலை, தொழிலில் நஷ்டம் என்று எழுதியிருப்பார்கள். சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குவதுதான் ஆண்மை என்ற நினைப்பு அந்தச் சின்னக் கட்டத்திலேயே தெரியும். நாக்குக் குழறி, நடை தள்ளாடி, தன்னைப் பெரும் பணக்காரன் என்று நம்பிக்கொண்டு வந்து சேர்ந்த நடுவயது ஆண்கள் ஏராளம். அளவுக்கு மீறிய உழைப்பு, ஒழுக்கக்கேடு என்று டாக்டர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1913இல்தான் நோகுச்சி, மூர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அப்படி இறந்தவர்களின் மூளையில் சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமியைக் கண்டார்கள்.

இதைப் படிக்க லண்டன் போக வேண்டியதில்லை. இங்கிலாந்தின் யார்க் ரிட்ரீட் என்ற மனநல விடுதியின் ஆவணங்களை லண்டனில் உள்ள வெல்கம் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் மனநல விடுதி அறிக்கைகள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன. நம் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் அந்தக் காலத்தில், 1871இல், தொடங்கியதுதான்.

வழி இது: அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, கட்டணம் மிகக் குறைவு. அப்புறம் எம்.ஏ., பிறகு கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் எழுதும் நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு ஆராய்ச்சி செய்யலாம். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் டிப்ளமோவும் உண்டு. ஐ.டி. சம்பளம் உடனே வராது, அதை அவனிடம் மறைக்காதீர்கள். வெளிநாட்டுப் படிப்பு காமன்வெல்த், ஃபெலிக்ஸ் போன்ற முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும். கடன் வாங்கி அனுப்பவே கூடாது.

அவன் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றால் படிப்புப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள்.

நன்றாக இருக்கிறான் என்றால், யார்க் ஆவணங்களில் ஒரே ஒரு நோயாளியின் குறிப்புகளை, சேர்ந்த நாளிலிருந்து கடைசிப் பதிவு வரை, வாசித்து நான்கு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்து கண்ணைப் பிடுங்கும். அதைத் தாண்டியும் எழுதி முடித்தால் எனக்கு அனுப்புங்கள், சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன்.