மெதுவாகப் போகும் கப்பலைத் திருப்புவது: கேள்வி பதில்

கேள்வி: வேகம் குறைந்தால் கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்படாது என்கிறார்களே, ஏன்?

பதில்: சுக்கான் என்பது கப்பலின் பின்னால், நீருக்குள், ப்ரொப்பெல்லருக்குப் பின்னே இருக்கும் திருப்பும் பலகை. அதன்மேல் ஓடும் தண்ணீர்தான் கப்பலைத் திருப்புகிறது. அந்த விசை, நீர் ஓடும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால்வாசிதான். இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்துக்குக் கீழே வந்தால், பெரும்பாலான கப்பல்களில் சுக்கானை நம்ப முடியாது.

கேள்வி: அப்போது என்னதான் செய்வீர்கள், சார்?

பதில்: ‘கிக்’ கொடுப்போம். சுக்கானை முதலில் முழுதாக, அதாவது 35 டிகிரி, ஒரு பக்கம் திருப்பிவிட வேண்டும். அப்புறம்தான் இன்ஜினைச் சில நொடிகள் முன்னோக்கி ஓட்ட வேண்டும். ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் நேரே சுக்கானில் மோதும். அத்தனை எடையும் முன்னால் நகர்ந்து வேகம் பிடிப்பதற்குள் பின்புறம் விலகத் தொடங்கிவிடும். வரிசையை மாற்றி, இன்ஜினை முதலில் ஓட்டினால் வேகம்தான் ஏறும். இன்னொன்று: இன்ஜினை நிறுத்தினாலும் கப்பல் திரும்பிக்கொண்டே இருக்கும். அதை அடக்க எதிர்ப்பக்கச் சுக்கானோடு மறுபடி ஒரு கிக் தேவைப்படும். புதிதாக வருபவர்கள் இதைத்தான் தாமதமாகக் கொடுக்கிறார்கள்.

கேள்வி: எத்தனை கிக் வேண்டுமானாலும் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பெரிய டீசல் இன்ஜின்கள் அழுத்தக் காற்றில் ஸ்டார்ட் ஆகின்றன; ஒவ்வொரு கிக்கும் ஒரு ஸ்டார்ட். திசை மாறிச் சுற்றும் இன்ஜின் என்றால், காற்றுத் தொட்டிகளை மறுபடி நிரப்பாமலே 12 முறையாவது ஸ்டார்ட் செய்யக் காற்று இருக்க வேண்டும் என்பது விதி. கம்ப்ரஸர் நிரப்பிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் காற்றழுத்த மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும்.

கேள்வி: பின்னோக்கி ஓட்டினால் எங்கள் கப்பலின் மூக்கு வலப்பக்கம் போகிறது. கோளாறா?

பதில்: இல்லை. முன்னோக்கிப் போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் ஒற்றை ப்ரொப்பெல்லர் கப்பல் அப்படித்தான். பின்னோக்கிச் சுற்றும்போது அது எறியும் நீர் வலப்புறப் பின்பகுதியில் மோதி, வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. கப்பலின் இடப்பக்கத்தைத் துறையில் அணைக்கும்போது இதுவே வசதி: சற்றுச் சாய்வாக நெருங்கி பின்னோக்கி ஓட்டினால் வால் தானே உள்ளே வந்துவிடும்.

கேள்வி: பௌ த்ரஸ்டர் (மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு ப்ரொப்பெல்லர்) இருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமே?

பதில்: கப்பல் ஏறக்குறைய நிற்கும்போது அது அருமையான கருவி. ஐந்து நாட் வேகத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: காற்று அடித்தால்?

பதில்: வேகம் குறையக் குறையக் காற்றின் கை ஓங்கும். கார் ஏற்றும் கப்பல் மாதிரி உயரமான பக்கங்கள் இருந்தால் இன்னும் மோசம். அங்கே கிக்கை நம்பிக் காத்திருக்காமல் இழுவைப்படகை முன்கூட்டியே கட்டிக்கொள்ளுங்கள்.