மலை ஏறினாலே வாந்தி: முன்சீட்டை மகளுக்குக் கொடுங்கள்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம். மகளுக்கு வயது 14, மகனுக்கு 16. போன வருடம் போடிமெட்டு வழியாக மூணாறு போனபோது மகள் நான்கு முறை வாந்தி எடுத்தாள். அண்ணன்காரன் அதைச் சொல்லி இன்றுவரை கேலி செய்கிறான். அவனோ வழி முழுக்க செல்போனைப் பார்த்துவிட்டு, மேலே போனதும் தலைவலி என்று படுத்துவிட்டான். இறங்கும்போது அவனுக்குக் காது அடைத்து வலித்தது. சின்ன வயதில் அந்தக் காதில் சீழ் வந்திருக்கிறது. மகளுக்கு வாந்தி வந்த பிறகு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வாந்தியும் நிற்கவில்லை, நாள் முழுக்கத் தூங்கினாள். இப்போது கொடைக்கானல் போகலாம் என்றிருக்கிறோம். கணவர்தான் கார் ஓட்டுவார். மகள், "நான் அம்மாச்சி வீட்டுல இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள். அவளுக்கு உடம்பில் ஏதாவது பலவீனமா? எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு.

பதில்: அம்மா, உங்கள் மகளுக்கு எந்தப் பலவீனமும் இல்லை. இதை முதலில் அவளிடமே சொல்லுங்கள், அண்ணனும் கேட்கும்படி சொல்லுங்கள்.

நம் உள்காதில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் தலை திரும்பும்போதெல்லாம் அசைந்து, "உடம்பு திரும்புகிறது" என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. பின்சீட்டில் உட்கார்ந்தவளுக்குக் கண்ணெதிரே தெரிவது முன்சீட்டின் முதுகுதான், அது அசையவே இல்லை. காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்பிப்போகிறது. குமட்டல், வாயில் எச்சில் ஊறுவது, முகம் வெளுத்து வியர்ப்பது, கடைசியில் வாந்தி, எல்லாம் இந்தக் குழப்பத்தால்தான். இரண்டு உள்காதும் அடியோடு வேலை செய்யாதவர்களுக்குப் பயண வாந்தி வருவதே இல்லை. அப்படிப் பார்த்தால், உங்கள் மகளுக்கு அந்த உறுப்பு நன்றாக வேலை செய்கிறது.

பத்து வயதை ஒட்டி இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்லக் குறையும். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். தாய்க்கு ஒற்றைத் தலைவலி இருக்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு இது வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான தகவல்.

உங்கள் கணவருக்கு ஏன் வாந்தி வரவில்லை என்று யோசித்தீர்களா? வண்டி ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு முன்னாலேயே தெரியும். அடுத்த முறை அவர் தலையைக் கவனியுங்கள். வண்டி இடப்பக்கம் வளையும்போது அவர் தலை தானாகவே இடப்பக்கம் சாயும். பின்னால் இருப்பவர்கள் தலை அந்த நேரத்தில் வலப்பக்கம் தள்ளப்படும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் இதேதான் நடந்திருக்கும். ஆகவே இந்த முறை முன்சீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். சீட் பெல்ட் போட்டு, தலையைச் சீட்டில் சாய்த்து, ரோட்டின் தூரத்து வளைவையே பார்க்கட்டும். வளைவு வரும்போது, "அப்பா சாயும் பக்கம் நீயும் சாய்" என்று சொல்லுங்கள். எளிமையாகத் தோன்றினாலும் நல்ல பலன் தரும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், காருக்குள் தொங்கும் வாசனைக் குப்பியைக் கழற்றிவிடுங்கள். கணவரிடமும் சொல்லுங்கள், வளைவில் சட்டென்று பிரேக் போட்டு, திரும்பியதும் வேகமெடுப்பதுதான் வயிற்றைப் புரட்டும்.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்றால், குமட்டல் தொடங்கியதும் இரைப்பை தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அதன் பிறகு விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும், அல்லது வாந்தியோடு வந்துவிடும். நம் ஊர் மெடிக்கலில் பயணத்துக்கு என்று கேட்டால் பெரும்பாலும் அவோமின் தருவார்கள். அதில் இருப்பது புரோமெத்தசின். மலை ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும். விடியற்காலை கிளம்புவதானால் முந்தின இரவே கொடுப்பது நல்லது, தூக்கத்தில் பாதி இரவிலேயே கழிந்துவிடும். தூக்கம் வருவது இந்த மருந்தின் குணம், பயப்பட வேண்டாம். சளி, அலர்ஜி மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், மயக்கம் கூடிவிடும். வலிப்புக்கோ வேறு எதற்கோ அவள் மருந்து எடுப்பவளானால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சிலர் ஒன்டான்செட்ரான் வாங்கிக் கொடுக்கிறார்கள். மற்ற வாந்திகளுக்கு அது அருமையான மருந்து, பயண வாந்திக்கு உதவாது. வண்டி ஓட்டும் உங்கள் கணவர் இந்தத் தூக்க மாத்திரைகள் பக்கமே போகக் கூடாது.

வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது என்று நம்பிப் பலர் பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போகிறார்கள். அது தவறு. வத்தலகுண்டில் நிறுத்தி இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி. பூரியும் வடையும் எண்ணெய் வழியும் பரோட்டாவும் மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து கொடைக்கானல் 50 கிலோமீட்டருக்கு மேல், அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நிற்க வேண்டும். டம் டம் பாறை வியூ பாயின்ட்டில் பத்து நிமிடம், வெள்ளி அருவியில் பத்து நிமிடம். குமட்டல் வரும் முன் நிறுத்துங்கள், வந்த பிறகு நிறுத்தினால் தெளிய நேரமாகும். எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பது, இஞ்சி மிட்டாய் சப்புவது இரண்டிலும் கெடுதல் இல்லை, சிலருக்கு இதமாக இருக்கும். மூடி போட்ட சின்ன வாளி ஒன்று அவள் காலடியில் இருக்கட்டும். "வந்தாலும் வாளி இருக்கு" என்ற தைரியமே பாதிப் பயத்தைக் குறைக்கும்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த வயதுப் பெண் பிள்ளைகளிடம் நான் கட்டாயம் கேட்பேன். வழியில் டாய்லெட் சரியிருக்காது என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். நா வறண்டு, தலை வலித்து, அதுவே குமட்டலாகிறது. சுத்தமான இடம் எங்கே இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்து, "இங்கே நிறுத்துவோம்" என்று அவளிடம் சொல்லிவையுங்கள். மாதவிலக்கு நாட்களில் பயண வாந்தி கூடும் என்பதால், முடிந்தால் தேதியை அதற்கேற்ப வையுங்கள். சுற்றுலாவுக்காகத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மாத்திரையே குமட்டலைத் தரும்.

உங்கள் மகனுக்கு வந்ததும் தங்கைக்கு வந்த அதே தொல்லைதான். வளையும் வண்டியில் குனிந்து செல்போன் பார்த்தால் காதுக்கும் கண்ணுக்கும் சண்டை இன்னும் மோசமாகும். சிலருக்கு அது வாந்தியாக வரும், சிலருக்குத் தலைவலியாக வரும். இதை அவனுக்கு விளக்கினால் கேலி நின்றுவிடும் என்று நம்புகிறேன். வத்தலகுண்டு தாண்டியதும் எல்லார் போனும் பைக்குள் போகட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான். பாட்டுக் கேட்கலாம், தடையில்லை. கொடைக்கானல் சுமார் 7,000 அடி. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான், ஆகவே ஆக்ஸிஜன் பற்றிக் கவலை வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும்.

அவன் காதைப் பயணத்துக்கு முன் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பழைய சீழால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரிய வேண்டும். மலையிலிருந்து இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, செவிப்பறையை உள்பக்கம் அழுத்துகிறது. எச்சில் விழுங்கும்போது, கொட்டாவி விடும்போது, மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழல் திறந்து அது சரியாகும். தூங்குகிறவன் விழுங்குவது குறைவு. அதனால் இறக்கத்தில் அவனைத் தூங்கவிடாமல், சூயிங்கம் மெல்லச் சொல்லுங்கள், மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள். கடுமையான சளி இருக்கும்போது மூக்கைப் பிடித்து ஊதக் கூடாது. காதுக்குள் சூடு காட்டிய எண்ணெயோ பூண்டு எண்ணெயோ விடவே கூடாது. வீடு திரும்பி ஒரு நாள் ஆகியும் அடைப்பு விடாவிட்டால், காதில் நீரோ ரத்தமோ வந்தால், அல்லது மகளுக்குக் காரை விட்டு இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் வாந்தி நிற்காமல் காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்தால், அதைப் பயணத்தின் மேல் போடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.