ஒரு சின்னப் பெட்டியால் ராணுவ விமானம் விழுமா?

விழும், விழுந்திருக்கிறது. 2015 அக்டோபர் 2, நள்ளிரவு தாண்டிய நேரம். ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் அமெரிக்க விமானப்படையின் சி-130ஜே விமானத்தில் உயரமான சரக்கு ஏற்றினார்கள். அது வால்பகுதி எலிவேட்டரில் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் மடல்) இடிக்காமலிருக்க, விமானி முதலில் கட்டுப்பாட்டுத் தண்டைக் கையால் இழுத்துப் பிடித்து அந்த மடலை உயர்த்தி வைத்திருந்தார். அப்புறம் இரவுநோக்குக் கண்ணாடியின் கெட்டியான பெட்டியைத் தண்டுக்கு முன்னால் முட்டுக்கொடுத்தார். அதை எடுக்க மறந்துவிட்டார்கள்.

இருட்டில் பெட்டி கண்ணில் படவே இல்லை. கிளம்பியதும் மூக்கு அளவுக்கு மீறி மேலெழுந்தது. துணை விமானி அதை டிரிம் (மூக்கின் நிலையைச் சமன்செய்து வைக்கும் அமைப்பு) கோளாறு என்று நினைத்தார். அந்தக் கணிப்புதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. தண்டை முன்னால் தள்ள வழியில்லை. அரை நிமிடத்துக்குள் விமானம் ஸ்டாலாகி, அதாவது இறக்கைகள் தூக்குவிசையை இழந்து, விழுந்தது. இறந்தவர்கள் 14 பேர். அதில் 3 பேர் தரையில் இருந்த ஆப்கானியர்கள்.