வீட்டுக்குள் குழந்தைப் படம்: 18-140 ஜூமா, 35 பிரைமா?

வணக்கம். உங்களிடம் இருப்பது நிக்கான் டி5600 கேமரா, கூடவே வந்த 18-55 மிமீ ஜூம் லென்ஸ். மாலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் எட்டு மாதக் குழந்தையை எடுத்தால் கலங்கலாக வருகிறது, 18-140 வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதுவும் உங்கள் 18-55 அளவுக்குத்தான் வெளிச்சம் வாங்கும், தூரம்தான் கூடும்.

35மிமீ எஃப்/1.8ஜி டிஎக்ஸ் வாங்குங்கள். ஜூம் ஆகாத, பிரைம் என்கிற வகை லென்ஸ் அது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். உங்கள் ஜூம் 35இல் எஃப்/4.5 வரைதான் திறக்கும். 1.8 என்றால் ஏறக்குறைய 6 மடங்கு வெளிச்சம். 1/30 விநாடியில் எடுத்ததை 1/180 விநாடிக்குக் கொண்டு போகலாம். தவழ்கிற பிள்ளையின் கை அப்போதுதான் நிற்கும்.

ஒன்று கவனியுங்கள். 1.8இல் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவு ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும். அதனால் கிட்டத்து முகத்துக்கு 2.8 வையுங்கள்.

50மிமீ வாங்கலாமே என்று தோன்றலாம், ஆனால் அதில் பிள்ளை முழுதாகத் தெரியப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும், சின்ன அறையில் சுவரில் முதுகு இடிக்கும். அதிலும் பழைய 50 1.8டி உங்கள் கேமராவில் ஆட்டோஃபோகஸ் ஆகாது. அந்த லென்ஸை ஓட்டும் மோட்டார் கேமரா பாடியில் இல்லை.

வாங்கும் முன் ஜூமை 35இல் வைத்து டேப் ஒட்டிவிட்டு ஒருநாள் முழுக்க எடுத்துப் பாருங்கள். பாட்டி மடியில் இருக்கும் பிள்ளை படத்துக்குள் முழுதாக அடங்கினால், சரி, கடைக்குப் போகலாம்.